'மைட்' என்றால் கட்டளை என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை

நான் அனுப்பிய ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டே வரிகளில் மின்னஞ்சல் வந்தது. அனுப்பிய அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். முதல் வரி, "யூ மைட் வான்ட் டு சென்ட் அஸ் அனதர் ஃபோட்டோ." இரண்டாம் வரி, "வி ஷுட் தென் பி ஏபிள் டு மூவ் இட் ஃபார்வர்ட்." இவற்றில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. 'விருப்பம் இருந்தால் இன்னொரு படமும் அனுப்பலாம். அதன்பின் இதை மேலே கொண்டுசெல்வது எங்கள் கடமை' என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு, ஏற்கெனவே அனுப்பிய படமே போதும் என்று இருந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. கேட்ட படத்தை நான் அனுப்பவில்லை என்பது காரணமாம்.

எங்கே கேட்டார்கள்? அந்த வரியில் கேள்வி இருக்கிறதா, வேண்டுகோள் இருக்கிறதா, கட்டளை இருக்கிறதா? 'நீங்கள் விரும்பக்கூடும்' என்று என் விருப்பத்தைப் பற்றி ஊகம் செய்துவிட்டு, நான் விரும்பவில்லை என்றவுடன் தண்டனை கொடுப்பது என்ன நியாயம்? விசாரித்த பிறகுதான் விளங்கியது. 'மைட் வான்ட் டு' என்பது மரியாதைச் சட்டை போட்ட உத்தரவு. 'அனதர்' என்பது இன்னொன்று அல்ல, வேறொன்று; அதாவது நான் அனுப்பிய படம் செல்லாது. 'ஷுட்' என்பது கடமை அல்ல, வெறும் எதிர்பார்ப்பு. எல்லாம் சரியாக நடந்தால் நடக்கும் என்ற அளவில்தான். தமிழில் 'இன்னொரு' என்றும் 'வேறொரு' என்றும் தனித்தனியாகச் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் அடைத்துவைத்து, எது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

என் கோபம் அந்த அலுவலகத்தின் மீது பாதிதான். மீதிப் பாதி, எனக்கு ஆங்கிலம் கற்பித்த முறையின் மீது. 'எ', 'ஆன்', 'தி' ஒரு பாடம். கோடிட்ட இடத்தை நிரப்பினால் முடிந்தது. 'ஹி', 'ஷி', 'வி', 'தே' இன்னொரு பாடம். அட்டவணையை ஒப்பித்தால் முடிந்தது. 'கேன்' என்றால் திறமை, 'மே' என்றால் அனுமதி, 'மஸ்ட்' என்றால் கட்டாயம், 'மைட்' என்றால் குறைந்த வாய்ப்பு என்று மூன்றாவது பாடம். இந்த மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து ஒன்றின் பொருளை மற்றொன்று திருகும் என்று ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

'எனி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். "யூ மே டேக் எனி சீட்" என்றால் எந்த இருக்கையில் வேண்டுமானாலும் உட்காரலாம். "யூ மே நாட் டேக் எனி சீட்" என்றால் எதிலும் உட்காரக் கூடாது. முதல் வாக்கியத்தில் தாராளமாக இருந்த சொல், 'மே' என்ற துணைவினையோடு ஒரு 'நாட்' சேர்ந்தவுடன் கதவைச் சாத்திவிடுகிறது. 'எனி' என்றால் என்ன பொருள் என்று தனியாகக் கேட்பவனுக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்கும் துணைவினையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

'வி' இன்னும் மோசம். தமிழில் 'நாம்' என்றால் கேட்பவனும் உள்ளே இருக்கிறான். 'நாங்கள்' என்றால் அவன் வெளியே நிற்கிறான். கேட்பவனையும் சேர்த்துக்கொள்ளும் அந்த 'நாம்' என்பதற்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கணத்தில் தனிப் பெயரே உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'வி'. சரி, சூழலை வைத்துப் புரிந்துகொள்ளலாம் என்று பார்த்தால், அதோடு 'ஷுட்' சேரும்போது மூன்றாவது பொருள் ஒன்று முளைக்கிறது. மேலதிகாரி ஒருவர் "வி ஷுட் டூ சம்திங் அபவுட் திஸ்" என்று சொன்னால் அதில் நாமும் இல்லை, நாங்களும் இல்லை. இருப்பது நீ மட்டும்தான். "சம்ஒன் ஷுட் க்ளீன் திஸ் அப்" என்பதிலும் அந்த 'யாரோ ஒருவர்' எதிரே நிற்கும் ஆள்தான். பன்மையும் பெயர் தெரியாத ஆளும் 'ஷுட்' பட்டவுடன் முன்னிலை ஒருமையாகச் சுருங்கிப்போவதை எந்த அட்டவணை எனக்குக் காட்டியது?

'இட்' பற்றியும் சொல்லியாக வேண்டும். "யூ மஸ்ட் ரைட் எ லெட்டர்" என்று ஒருவர் சொன்னால், அந்தக் கடிதம் இன்னும் உலகத்தில் பிறக்கவில்லை. ஆகவே அடுத்த வாக்கியத்தில் "இட் இஸ் ஷார்ட்" என்று சொல்ல முடியாது; "இட் மஸ்ட் பி ஷார்ட்" என்றுதான் சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்தின் 'மஸ்ட்' போட்ட நிழலுக்குள்தான் அந்த 'எ' பிறக்கிறது, அதைச் சுட்டும் 'இட்'டும் அந்த நிழலை விட்டு வெளியே வர முடிவதில்லை. தமிழிலும் இப்படித்தான், 'ஒரு கடிதம் எழுத வேண்டும், அது சுருக்கமாக இருக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை. அப்படியானால், நமக்குள் ஏற்கெனவே இருக்கும் இந்த அறிவைக் காட்டியே மூன்றையும் சேர்த்துக் கற்பித்திருக்கலாமே என்பதுதான் என் ஆற்றாமை.

'எ', 'ஆன்' விஷயத்திலும் இதே கதைதான். உயிர்முன் 'ஓர்', மெய்முன் 'ஒரு' என்று நாம் எழுதுவதைப் போல அங்கே ஒலியைப் பார்த்து 'ஆன்', 'எ' வருகின்றன; பழைய வடிவம் 'ஆன்'தான், அதுவும் 'ஒன்று' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'தி'யும் அப்படியொன்றும் அந்நியம் அல்ல. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் குழந்தையும் உணரும். பேசப்பட்ட, தெரிந்த அந்தப் புத்தகம் என்பதை நம் 'ஐ' உருபே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. இதைச் சொல்லாமல், 'தி' எங்கே வரும் என்று முப்பது விதிகளும் ஐம்பது விலக்குகளும் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் பிரிட்டனில் நோயாளி 'இன் ஹாஸ்பிடல்' இருக்கிறார், அமெரிக்காவில் 'இன் தி ஹாஸ்பிடல்' இருக்கிறார். 'என்னுடைய அந்த மூன்று புத்தகங்கள்' என்று நாம் கூசாமல் அடுக்குவதை அவர்கள் அடுக்க மாட்டார்கள். 'தோஸ்' வந்தால் 'மை' வழிவிட்டுப் பின்னால் போய் 'ஆஃப் மைன்' என்று நிற்க வேண்டும்.

துணைவினைகளும் ஒன்றையொன்று சகிப்பதில்லை. 'போக வேண்டியிருக்கலாம்' என்று கட்டாயத்தையும் ஐயத்தையும் நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம். அங்கே 'மைட் மஸ்ட்' கூடாது, 'மைட் ஹேவ் டு' என்று சுற்றிவர வேண்டும். ஆனால் அமெரிக்காவின் தென்பகுதிகளிலும் ஸ்காட்லாந்திலும் பிறந்தவர்கள் 'மைட் குட்' என்று இரண்டை இயல்பாகவே சேர்க்கிறார்கள். நாம் சேர்த்தால்தான் சிவப்பு மை. 'மஸ்ட்' என்பதற்கு இறந்தகாலமே இல்லை, ஏனென்றால் அதுவே ஒரு பழைய வினையின் இறந்தகால வடிவம். 'குட்' என்பதில் ஒலிக்காமல் உட்கார்ந்திருக்கும் 'எல்' எழுத்துக்கு அங்கே எந்த உரிமையும் கிடையாது. 'வுட்', 'ஷுட்' ஆகியவற்றைப் பார்த்துப் பின்னாளில் ஒட்டவைத்தது. 'ஷல்' எப்போது, 'வில்' எப்போது என்ற விதியை 1653-இல் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் எழுதினார். ஆங்கிலத்துக்கான அந்த இலக்கணத்தை அவர் எழுதிய மொழி இலத்தீன். அந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றிப் பேசும் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை, ஆனால் அதில் எனக்கு மதிப்பெண் போயிருக்கிறது.

நம் பக்கமும் சுத்தம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'வரக்கூடும்' என்றால் வாய்ப்பு. அதை எதிர்மறையாக்கி 'வரக்கூடாது' என்றால் தடை. தமிழ் கற்கும் வேற்றுமொழிக்காரர் இதைக் கேட்டு அழுதால் நான் கைக்குட்டை கொடுப்பேன். மரியாதைக்காகப் பன்மையை ஒருமைக்குக் கொடுத்து 'நீங்கள்', 'அவர்' என்று ஆக்கியதும் நாம்தான். அவர்களும் பன்மையான 'யூ'வை மரியாதைக்கு எடுத்து, பழைய ஒருமையான 'தவ்' என்பதையே வழக்கிலிருந்து தொலைத்துவிட்டார்கள். ஆனால் 'நீங்கள் படத்தை மாற்றி அனுப்ப வேண்டும்' என்று எழுத வேண்டிய இடத்தில், 'நீங்கள் ஒருவேளை விரும்பக்கூடும்' என்று எந்தத் தமிழ் அலுவலகமும் எழுதாது. எரிச்சலோடு எழுதலாம், இழுத்தடித்து எழுதலாம், ஆனால் வேண்டும் என்றால் 'வேண்டும்' இருக்கும்.

தள்ளுபடி ஆன பிறகு, ஏன் நேராகச் சொல்லவில்லை என்று கேட்டு எழுதினேன். மறுநாளே ஒரு வரியில் பதில் வந்தது: "யூ கேன் ஆல்வேஸ் அப்ளை அகெய்ன்." இந்தக் 'கேன்' என் திறமையைப் பற்றியதா, எனக்குத் தரும் அனுமதியா, அல்லது மரியாதையாக என்னை வாசல் வரை கொண்டுவந்து விடுவதா என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். விளங்கவில்லை. வேறு படம் எடுத்து, கட்டணத்தை மறுபடி கட்டி அனுப்பியிருக்கிறேன்.