வாக்கர் நடந்த தொட்டி

‘ஆண்ட பரம்பரை’ வியாதி நமக்கு மட்டும்தான் என்று யாராவது நினைத்தால், லண்டன், எடின்பரோ பக்கத்துச் சுற்றுலாக் கடைகளுக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்க வேண்டும். குடும்பப் பெயரைச் சொன்னால் போதும். சிங்கமும் வாளும் கேடயமும் போட்ட ‘உங்கள் குலச்சின்னம்’ காபிக் கோப்பையிலோ சாவிக்கொத்திலோ கைக்கு வந்துவிடும். ஸ்மித்துக்கு ஒன்று, டெய்லருக்கு ஒன்று, வாக்கருக்கு ஒன்று. வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் மாட்டிவைத்து, நாங்கள் அந்தக் காலத்தில் பிரபுக்களாக்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்ளலாம்.

அத்தனையும் டுபாக்கூர். 1484இல் தொடங்கி இன்றுவரை இந்தச் சின்னங்களைப் பதிவு செய்துவருகிற லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸே இதைச் சொல்கிறது: சின்னம் தனி ஆளுக்குத்தான் வழங்கப்படும், அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்குப் போகும். ஒரு குடும்பப் பெயருக்கென்று பொதுவான சின்னம் கிடையவே கிடையாது.

ஏமாற்று வியாபாரம் எங்கேதான் இல்லை, அதை விடுங்கள். என் எரிச்சல் வேறு. அந்தப் பெயர்களுக்குள் இருக்கும் அசல் கதை இந்தப் பொம்மைச் சிங்கங்களைவிடப் பல மடங்கு சுவையானது. அதைப் போட்டு மூடிவிடுகிறார்களே என்பதுதான்.

வாக்கரையே எடுத்துக்கொள்வோம். ஜானி வாக்கர் பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக வீறுநடை போடும் ஆசாமியைக் குடிக்காதவர்கள்கூடப் பார்த்திருப்பீர்கள். ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் 1820இல் மளிகைக் கடை வைத்தவர் ஜான் வாக்கர். அவர் பெயரில் வந்த விஸ்கிக்கு 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்து கொடுத்த படம் அது. பெயரில் நடை இருக்கிறது, அதனால் ஆள் நடக்கிறார். விளம்பரத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பெயருக்குக் காரணமான அந்தக் கால வாக்கர் எங்கும் நடந்து போகவில்லை. ஒரு தொட்டிக்குள் நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தார். தொட்டியில் இருந்தது ஊறிப்போன பழைய மூத்திரம்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணியை அப்படியே உடுத்த முடியாது. ஆட்டு ரோமத்தின் பிசுக்கும், நூற்பதற்குத் தோதாகத் தடவிய எண்ணெயும் அதில் ஏறியிருக்கும். நெசவும் சல்லடை மாதிரி இடைவெளி விட்டிருக்கும். சிறுநீரைச் சில நாள் வைத்திருந்தால் அதில் அம்மோனியா உண்டாகும், அது பிசுக்கை எடுத்துவிடும். இதற்காகவே வீடுகளிலிருந்து சேகரித்து வந்தார்கள். அப்புறம் ஒருவகைக் களிமண்ணும் தண்ணீரும் போட்டு மறுபடி மிதி. முகத்துக்குப் பூசுகிறோமே முல்தானி மெட்டி, அது அந்த வகை மண்தான். ஆங்கிலத்தில் இன்றும் அதற்கு ‘ஃபுல்லர் மண்’ என்றுதான் பெயர். மிதிபட மிதிபட, கம்பளி இழைகளின் மேலிருக்கும் நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். துணி சுருங்கித் தடிக்கும், குளிர் தாங்கும். பிறகு அலசி, மரச்சட்டத்தில் வரிசையாக அடித்த கொக்கிகளில் இழுத்து மாட்டி வெயிலில் காய வைப்பார்கள். முழங்கால் வரை அந்தத் திரவத்தில் நின்று நாள் முழுக்க மிதித்தவரின் பாதம் என்ன கதியாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரோமானியர் காலத்திலேயே இந்த வேலை உண்டு. இத்தாலியின் பழைய பொம்பேயி நகரில் கிடைத்த சுவரோவியம் ஒன்றில் ஆட்கள் தொட்டிக்குள் நின்று துணி மிதிப்பதை இன்றும் பார்க்கலாம். இந்தச் சிறுநீருக்கே வரி போட்டவர் வெஸ்பாசியன் பேரரசர். மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது, காசை எடுத்து மூக்கருகே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டாராம்.

இங்கிலாந்தில் இந்த ஒரே தொழிலுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். வடக்கே வாக்கர். தென்கிழக்கில் சசெக்ஸ், கென்ட் பக்கம் ஃபுல்லர். தென்மேற்கில் டெவன், சாமர்செட் பக்கம் டக்கர் (நம்மூர் ‘டக்கரு’ இல்லை). வாக்கருக்கு வேரான பழைய ஆங்கிலச் சொல்லுக்கு உருட்டுவது, புரட்டுவது என்றுதான் பொருள்; நடப்பது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட அர்த்தம். டக்கரின் வேர் இன்னும் மோசம். பாடாய்ப் படுத்துவது! டெவனின் தலைநகரான எக்ஸிட்டரில் நெசவாளர்களும் துணி மிதிப்பவர்களும் சேர்ந்து 1471இல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்னும் நிற்கிறது. 1881 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் குடும்பப் பெயர்களுக்கு வரைபடம் போட்டிருக்கிறார்கள். அதிலும் இந்த மூன்று பெயர்களும் தத்தம் மூலையை விட்டு அவ்வளவாக நகரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெயர் நிலைக்கத் தொடங்கிய காலத்திலேயே தொழில் கைமாறத் தொடங்கிவிட்டது. ஆற்று நீரில் சக்கரம் ஓட, மரச் சம்மட்டிகள் துணியை இடிக்கும் ஆலைகள் வந்துவிட்டன. யார்க்ஷயரின் டெம்பிள் நியூசமில் அப்படி ஒன்று இருந்ததாக 1185ஆம் ஆண்டுப் பதிவிலேயே இருக்கிறது. ஆலை நிலப்பிரபுவுடையது அல்லது மடத்துடையது; அங்கேதான் கொண்டுவர வேண்டும், கூலியும் கட்ட வேண்டும். செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்க்காரர்கள் முடியாது என்று சொல்லி வீட்டிலேயே துணி மிதித்தார்கள். 1274இல் அரசி எலினோர் அந்த வழியாக வந்தபோது, மடாதிபதியின் மேல் புகார் சொல்லக் கூட்டம் திரண்டது. முன்னால் நின்றவர்கள் பெண்கள். வழக்கு அரசரின் நீதிமன்றம் வரை போய், ஊர்க்காரர்கள் தோற்றார்கள். இந்தச் சண்டையை ஒரு கேடயத்தில் வரைந்து விற்றால் நானே ஒன்று வாங்குவேன்.

பெயர் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டது இதற்குப் பிறகுதான். தெற்கே 14ஆம் நூற்றாண்டின் நடுவில், வடக்கே இன்னும் தாமதமாக. 1379ஆம் ஆண்டு தலைவரி ஏடுகளைப் பார்த்தால் இரண்டு வகையும் கலந்து கிடக்கும்: பெயரே தொழிலாக இருப்பவர்களும் உண்டு, பெயர் ஒன்று பிழைப்பு வேறொன்று என்று ஆனவர்களும் உண்டு. அதன் பிறகு பெயர் மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஜார்ஜ் டபிள்யூ புஷ்ஷின் டபிள்யூ வாக்கர்தான்.

துணித் தொழிலில் இப்படிக் கிளைகள் ஏராளம். சாயம் போட்டவர் லிஸ்டர் (அறுவை சிகிச்சையில் கிருமிநாசினியைப் புகுத்திய ஜோசப் லிஸ்டர், வாய் கொப்பளிக்கிற ‘லிஸ்டரின்’ மருந்து பாட்டிலில் இருப்பது அவர் பெயர்). துணியின் மேல்பிசிறைக் கத்தரித்தவர் ஷெர்மன். நெய்தவர் வெப்ஸ்டர்.

அமெரிக்க எழுத்தாளர் ஆலிஸ் வாக்கருக்கும் இதே பெயர்தான், ஆனால் அவர் கணக்கு தனி. அவருடைய முன்னோர் பாட்டி ஒருத்தி, அடிமையாக வர்ஜீனியாவிலிருந்து ஜார்ஜியா வரை இரண்டு குழந்தைகளை இடுப்பில் சுமந்து நடந்தே வந்தவர். அந்த நடையை நினைத்துத்தான் பிறந்த வீட்டுப் பெயரை விடாமல் வைத்திருப்பதாக ஆலிஸ் சொல்லியிருக்கிறார். சொல்லாராய்ச்சிக்காரர்கள் மறுக்கட்டும், என் ஓட்டு அவருக்குத்தான்.

எல்லா வாக்கரும் தொட்டியிலிருந்து வந்தவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூகாசிலில் வாக்கர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. ரோமானியர் எழுப்பிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்று அர்த்தம். சில குடும்பங்களுக்கு அந்த இடத்தால் பெயர் வந்திருக்கலாம்.

சரி, ஆபீஸ் வீடியோ மீட்டிங்கில் டக்கர் என்று ஒரு வெள்ளைக்காரர் வந்தால், பூர்வீகம் டெவன் பக்கமா என்று கேட்டுப் பாருங்கள். ஃபுல்லர் என்றால் சசெக்ஸ், கென்ட். தொட்டியில் என்ன இருந்தது என்கிற சமாச்சாரத்தை மட்டும் முதல் மீட்டிங்கிலேயே எடுக்க வேண்டாம்.