ஸ்லேட்டில் ஒரு ஹோல் ஸ்கொயர்

ஞாயிற்றுக்கிழமை இரவு, கணித மேதை ராமானுஜன் பற்றிய டிவி சீரியலில் எல்லாரும் பார்த்த அதே காட்சியைத்தான் நானும் பார்த்தேன். இதைப் பற்றி எழுதவே கூடாது என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முடியவில்லை.

ராமானுஜன் மனைவிக்கு எழுதிய கடிதத்தை மாமியார் கிழிக்கிறார். இடி இடிக்கிறது. மருமகள் முகம் மூன்று தடவை, மாமியார் முகம் மூன்று தடவை. அப்புறம் ஒரு ஃப்ளாஷ்பேக், கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் ஸ்லேட்டோடு ராமானுஜன். மறுநாள் செல்போனில் அந்த இடத்தை நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்லேட்டில் எழுதியிருந்தது ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்.

எட்டாம் வகுப்புச் சூத்திரம்! இடிச் சத்தத்துக்கு ஆள் வைத்தவர்களுக்கு, ஸ்லேட்டில் என்ன எழுதுவது என்று கேட்க ஊரில் ஒரு கணக்கு வாத்தியார் கூடவா கிடைக்கவில்லை?

இதைத்தான் சீரியல்காரர்களின் இணையப் பக்கத்தில் ஒரே வரியாகக் கேட்டேன். "அங்கிள், இது பாடம் இல்ல, சீரியல். பிடிக்கலன்னா சேனல மாத்துங்க" என்று ஒரு தம்பி பதில் போட்டார். அதற்கு முந்நூறு சிரிப்பு பொம்மை. சரி, சிரிக்கட்டும். 32 வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவன் நான், எனக்குப் பின்னால் சிரிப்பது புதிதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ராமானுஜன் என்கிற அந்த மனுஷன் கணக்கில் என்ன வேலை பார்த்தார்? எட்டு வாரமாகப் பசி காட்டியாயிற்று, எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரிப் பரீட்சையில் தோற்றதைக் காட்டியாயிற்று, கைக்குட்டையில் ரத்தம் காட்டியாயிற்று. (அன்றைய டாக்டர்கள் காசநோய் என்றார்கள். பிற்பாடு மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தவர் ஒருவர், அமீபாவால் வந்த கல்லீரல் நோயாகத்தான் இருக்க வேண்டும் என்றார். கல்லீரல் நோய்க்குக் கைக்குட்டையை வைத்து என்ன செய்வது, பாவம்.) இவ்வளவும் எதற்காகப் பட்டார் என்று ஒரு நிமிஷம் காட்டினால் குறைந்தா போவீர்கள்?

"கணக்கைக் காட்டினால் யார் சார் பார்ப்பார்கள்?" என்று கேட்பீர்கள். ஐபிஎல் சமயத்தில் டீக்கடைக்கு வந்து பாருங்கள். நெட் ரன் ரேட்டை மூன்று தசம ஸ்தானம் வரை மனக்கணக்காகப் போடுகிறார்கள். நம் ஜனங்களுக்குக் கணக்கு வராது என்று முடிவு செய்தது யார்?

என் வகுப்பில் ஒரு கைப்பிடி புளியங்கொட்டை எடுத்துப் போவேன். அஞ்சு கொட்டையை எத்தனை விதமாகக் கூறு போடலாம்? அஞ்சும் ஒரே கூறு. நாலும் ஒன்றும். மூன்றும் இரண்டும். இப்படி ஏழு விதம் வரும். ஆறு கொட்டை என்றால் 11, ஏழு என்றால் 15. கடைசி பெஞ்சுப் பையன்கள்தான் முதலில் தரையில் உட்காருவார்கள். பத்துக்கு 42 என்று வரும்போது மணி அடித்துவிடும், ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான். அப்போது சொல்வேன்: நூறு கொட்டைக்கு 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம்டா. கொட்டையே இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க ராமானுஜனும் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியும் 1918இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். மக்மஹோன் என்ற ரிடையர்டு மேஜர், 200 வரைக்கும் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்தார். 200க்கு வந்தது 13 இலக்க எண். சூத்திரமும் அதே எண்ணைத்தான் கொடுத்தது. அங்கே போடுங்கள் ஐயா இடியை!

அதைவிட்டுவிட்டு மாமியார், மருமகள். சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினாரே, அந்தக் கடிதம் அரை நிமிஷத்தில் முடிந்துபோனது. கிழிபட்ட கடிதத்துக்கு மட்டும் ஒரு முழு வாரம்.

"மேதையும் மனுஷன்தானே, வீட்டுப் பிரச்சினையைக் காட்டக் கூடாதா?" காட்டலாம். யார் வேண்டாம் என்றது? ராமானுஜனின் அம்மா கோமளத்தம்மாள் கடிதங்களை மருமகள் கைக்குப் போகவிடாமல் தடுத்தார் என்று வாழ்க்கை வரலாற்றிலேயே இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் ராமானுஜனுக்குப் பிறகு அடுத்தடுத்து மூன்று குழந்தைகளைக் கைக்குழந்தையாகவே பறிகொடுத்த அம்மா அவர். கோயிலில் பஜனை பாடியும் கல்லூரிப் பையன்களுக்கு வீட்டில் சோறு போட்டும் குடும்பத்தை ஓட்டியவர். கடல் தாண்டக் கூடாது என்றிருந்த வீட்டில், குலதெய்வம் நாமகிரித் தாயார் கனவில் வந்து குறுக்கே நிற்காதே என்று சொன்னதாகச் சொல்லி மகனை இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்ததும் அவர்தான். இதெல்லாம் எந்த எபிசோடில் வந்தது?

கடிதம் என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. (இதை எழுதியது தெரிந்தால் இன்று வீட்டில் எனக்குச் சாப்பாடு இல்லை.) கல்யாணமான புதிதில் எனக்கு வெளியூர் போஸ்டிங். மனைவிக்கு எழுதிய ஒரு இன்லேண்ட் லெட்டர் மூன்று நாள் எங்கள் அம்மாவின் அரிசி டின்னுக்குள் கிடந்தது. பெரிய ரகளை. நான் லீவு போட்டு வந்து, ஏம்மா இப்படி என்று கேட்டேன். "என்னைப் பத்தி ஒரு வரியாவது எழுதியிருக்கியான்னு பார்த்தேன்" என்றாள். எழுதவில்லை. இரண்டு பக்கத்தில் ஒரு வரி இல்லை. என் வாழ்க்கையைச் சீரியலாக எடுத்தால் அம்மாவுக்குப் பின்னாலும் இடி இடிக்கும்.

உடனே மாமியாருக்கு வக்காலத்து, ஆம்பளைப் புத்தி என்று ஆரம்பிப்பார்கள். ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள் மேல் அவ்வளவு அக்கறை இருக்கிறதா? பத்து வயதில் கல்யாணம். 21 வயதில் விதவை. 1920 ஏப்ரலில் சேத்துப்பட்டில் ராமானுஜன் கண் மூடியதோடு உங்கள் கதை முடிந்துவிடும், எழுதித் தருகிறேன். அதற்குப் பிறகு அந்த அம்மாள் 74 வருஷம் இருந்தாரே! தையல் படித்து, துணி தைத்துப் பிழைத்து, ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தாரே. அதில் மாமியார் இல்லை, கிழிக்கக் கடிதம் இல்லை, அதனால் உங்களுக்கு வேண்டாம்.

எனக்கு மட்டும் என்ன யோக்கியதை என்று கேட்டால், அதுவும் நியாயம்தான். 1986லிருந்து இரண்டு வருஷம் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கி எம்.எஸ்ஸி. கணிதம் படித்தேன். ராமானுஜன் நூற்றாண்டுக்குக் கூட்டம் போட்டோம், படத்துக்கு மாலை போட்டோம். அந்த அம்மாள் அதே திருவல்லிக்கேணியில் இருந்தார். 1994இல் அவர் இறந்த செய்தியைப் பேப்பரில் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. தினமும் பால் வாங்கப் போகிற வழியில் எத்தனை தடவை அவர் வீட்டைத் தாண்டினேனோ.

இந்தச் சீரியலை எங்கள் வீட்டில் விடாமல் பார்ப்பது அம்மாதான். 84 வயது. ஞாயிற்றுக்கிழமை கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "இந்தப் பையன் ஹார்பர்ல கணக்கு எழுதினவன்தானே? இதுக்கு எதுக்குடா வெள்ளைக்காரன் கூப்பிடணும்?"

நேற்று சாயங்காலம் முறத்தில் புளியங்கொட்டையைக் கொட்டி, அஞ்சை எடுத்து முன்னால் வைத்தேன். கூறு போடும்மா என்றேன். நான்கு விதம் கண்டுபிடித்துவிட்டாள். ஐந்தாவதற்குக் கொட்டையை நகர்த்தும்போது டிவியில் அடுத்த வார முன்னோட்டம், அதே இடி.

"இருடா, அந்தப் பொண்ணு அழுவுது" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.