மூக்கில் அடித்தால் கடி நிற்காது
"நாய்க்குட்டி கடித்தால் மூக்கில் ஒரு தட்டு தட்டுங்கள், நிறுத்திவிடும், பால்பல் கடிக்கு ஊசியும் வேண்டாம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தவறு.

அடி வாங்கிய குட்டி கையைக் கண்டாலே மிரளும். மிரண்ட நாய்தான் பிறகு நிஜமாகவே கடிக்கும். பல் பட்டதும் விளையாட்டை நிறுத்தி, அரை நிமிடம் திரும்பி நில்லுங்கள். அப்புறம் முடிச்சுப் போட்ட பழைய துணியைக் கடிக்கக் கொடுங்கள். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும், தாத்தா மட்டும் விரலைக் கொடுத்து விளையாடினால் குட்டிக்குக் குழப்பம்தான். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் 4 முதல் 6 மாத வயதில் கடி அதிகமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊசி விஷயத்தில் விளையாடாதீர்கள். குட்டிக்கும் வெறிநோய் வரும். தடுப்பூசி போடாத குட்டியின் பல் கீறினால்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு, கடலூரில் என்றால் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போங்கள்.