பாபா யாகா வெறும் சூனியக்காரி அல்ல

ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளைப் பற்றி நீங்கள் எழுதியதில், அவற்றில் வரும் பாபா யாகாவைக் குழந்தைகளைத் தின்னும் கிழவி என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது பாதிதான். கோழிக்கால் குடிசையில் வாழ்கிறவள், உரலில் ஏறி உலக்கையால் உந்திப் பறந்து, போன தடத்தைத் துடைப்பத்தால் அழிப்பவள், எல்லாம் சரி. ஆனால் ஒரு கதையில், நெருப்புக் கேட்டு வந்த வசிலிசா என்ற பெண்ணை, தாயின் ஆசி பெற்றவள் என்று தெரிந்ததும் வெளியே தள்ளினாலும், கண்கள் கனலும் மண்டையோட்டைக் கழியில் செருகிக் கையில் கொடுத்துத்தானே அனுப்புகிறாள்! வசிலிசாவின் கொடுமைக்காரச் சித்தியை எரித்துச் சாம்பலாக்குவது அந்த நெருப்புதான். ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அஃபனாஸ்யெவ் 1855 முதல் 1863 வரை வெளியிட்ட தொகுப்பிலேயே இந்தக் கதை இருக்கிறது.

அப்புறம், இதே ரஷ்யக் கதைகளில் அடுப்பின் மேல் படுத்திருக்கும் ‘முட்டாள்’ இவானைச் சோம்பேறி என்றது வருத்தமாக இருந்தது. ரஷ்ய அடுப்பு பெரிய செங்கல் மேடை மாதிரி. பனிக்காலத்தில் வீட்டார் கதகதப்புக்குப் படுத்து வந்ததே அதன் மேல்தான்.