கொழுப்பு தயாரிக்கும் நொதிக்கு ஒரே தீர்ப்பு போதாது

பெருங்குடல் புற்றுநோய் பற்றிய பேச்சில் கொழுப்பு என்று காதில் விழுந்ததுமே எண்ணெயைக் குறைக்கச் சொல்லி அறிவுரைகள் வரத் தொடங்கிவிடுகின்றன. கொழுப்பு அமில சிந்தேஸ் என்ற நொதியின் வேலை வேறு. சர்க்கரை சிதைந்து கிடைக்கும் இரண்டு கார்பன் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலத்தை அது புதிதாக உருவாக்குகிறது. கல்லீரல், கொழுப்புத் திசு, பாலூட்டும் மார்பகம் போன்ற சில இடங்களை விட்டால், வளர்ந்தவர்களின் உடலில் பெரும்பாலான செல்களுக்கு இரத்தத்தில் வரும் கொழுப்பே போதும். ஓயாமல் பிளவுபடும் புற்றுச் செல்லோ, புதுப்புது சவ்வுகள் தேவைப்படுவதால், தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

அப்படியானால் நொதியை முடக்கினால் நோய் அடங்கிவிடும் என்று முடிவுகட்டத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவில் ஷூஜி ஒகினோ குழுவினர் 647 நோயாளிகளை வைத்து 2008இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள்: உடல் நிறை குறியெண் (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவுகோல்) 27.5க்குக் கீழே இருந்தவர்களில், கட்டியில் இந்த நொதி மிகுந்திருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களுக்கோ அதே மிகுதி ஆபத்தோடு சேர்ந்து காணப்பட்டது. ஒரே நொதி, இரு வேறு உடல்களில் இரு வேறு முகம்.

கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நொதியைத் தடுத்தால் பெருங்குடல் புற்று பரவுவது குறைகிறது என்று 2012இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2020இல் வந்த மற்றோர் ஆய்வில், தயாரிப்பு நின்றதும் செல்கள் சிடி36 என்ற புரதத்தைக் கூட்டி, வெளியிலிருந்து கொழுப்பை உள்ளே இழுத்துக்கொள்வது தெரியவந்தது. வீட்டில் அடுப்பை அணைத்தால் கடையில் வாங்கிச் சாப்பிடுவதைப் போல. இரத்தத்தில் கொழுப்பு மிகுந்த பருமனான நோயாளியிடம் அந்தக் கடை எப்போதும் திறந்தே இருக்கும் என்பது என் ஊகம்.

உடல் எடையைக் குறைக்கத் தரப்படும் ஆர்லிஸ்டாட் மாத்திரையும் சோதனைக் குழாயில் இந்த நொதியைத் தடுக்கிறது. இதை வைத்துக்கொண்டு அதைப் புற்றுநோய் மருந்தாகப் பரப்புவது பொறுப்பற்ற செயல் (இணையத்தில் இத்தகைய துணிச்சலுக்குப் பஞ்சமில்லை). அந்த மாத்திரை குடலிலிருந்து இரத்தத்தில் மிகச் சொற்பமாகவே சேர்கிறது என்பதால், கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்ட கட்டியை அது எட்டப்போவதில்லை.

வாய்வழி உட்கொள்ளும் டெனிஃபான்ஸ்டாட் போன்ற புதிய தடுப்பான்கள் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டுவருகின்றன. பெருங்குடல் புற்றுநோயில் இவற்றைச் சோதிப்பவர்கள், முடிவுகளை மொத்தச் சராசரியாக வெளியிடாமல், நோயாளியின் உடல் எடையையும் கட்டியின் சிடி36 அளவையும் வைத்துப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதே என் கோரிக்கை.