அரை கிரவுண்டு மனைக்காரரும் சட்டப்படி வீடு கட்ட வழி வேண்டும்

சென்னையில் 20 அடிக்கு 60 அடி மனை வைத்திருக்கும் ஒருவர், தமக்கென ஒரு வீடும் வாடகைக்கு இரண்டு போர்ஷன்களும் கட்ட நினைத்தால், விதிகளை மீறாமல் அதைக் கட்டி முடிப்பது மிகக் கடினம். நகரத்தின் வாடகை வீடுகளில் பெரும்பகுதியை இத்தகைய சிறு உரிமையாளர்கள்தான் தருகிறார்கள் என்பதை அறிந்த நமக்கு, இது ஏன் ஒரு பொதுப் பிரச்சினையாகத் தோன்றுவதில்லை என்று நான் வருந்துவதுண்டு.

கணக்கைப் பாருங்கள். 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 9 மீட்டர் வரை அகலமுள்ள சாலையில் முன்புறம் 1.5 மீட்டர் இடம் விட வேண்டும். பக்கவாட்டில் ஒரு மீட்டர் விட்டால் 20 அடி அகலம் பதினாறே முக்கால் அடிக்குக் குறைகிறது. இரு பக்கமும் முக்கால் அடிச் சுவர் எழுப்பி, மூன்றடிப் படிக்கட்டையும் வைத்தபின் எஞ்சுவது ஏறத்தாழ 12 அடி. அதற்குள் இருசக்கர வண்டிகளையும் நிறுத்தியாக வேண்டும். எங்கள் பகுதியில் பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் வரைபடத்தை நான் பார்த்திருக்கிறேன். மாடியில் ‘ஸ்டோர் ரூம்’ என்று எழுதப்பட்டிருந்த அறையில் இன்று சமையல் மேடை இருக்கிறது. ‘படிக்கும் அறை’ வாடகைக் குடும்பத்தின் படுக்கையறை. வரைபடத்தில் ஒன்றும் தரையில் ஒன்றுமாக இருப்பதால், யாரேனும் மனுப் போட்டால் நோட்டீஸ் வரும் என்ற அச்சத்துடனேயே அவர் வாழ்கிறார். ஓய்வூதியத்துக்குத் துணையாக வாடகை வரட்டும் என்று கட்டியவரை விதிமீறல்காரர் ஆக்கியதில் நகரத்துக்கு என்ன லாபம்?

பக்கத்து வீட்டோடு ஒட்டிக் கட்டுவது நமக்குப் புதிதன்று. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் தெருக்களில் வீடுகள் பொதுச்சுவரோடு நெருங்கி நின்றன. உள்ளே முற்றம் வெளிச்சமும் காற்றும் தந்தது. ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் இருந்த ஸ்டோர் வீடுகளில் வளர்ந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வாழ்க்கையில் நெருக்கடியும் இருந்தது; ஒரே கழிப்பறைக்கு வரிசையில் நின்றவர்களிடம் அதன் அழகைப் பற்றிப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் அந்தக் கட்டட அமைப்பு குறுகிய மனைக்குப் பொருந்தியது. தொடர் கட்டடப் பகுதி என்று வரையறுக்கப்பட்ட இடங்களில் இன்றும் பக்கவாட்டு இடைவெளி இல்லாமல் கட்டலாம். மற்ற இடங்களிலோ, குறுகிய மனையில் விடப்படும் மூன்றடிச் சந்து வெளிச்சம் வராமல், பழைய தண்ணீர்த் தொட்டியும் உடைந்த நாற்காலியும் சேரும் இடமாகிவிடுகிறது. அண்டை வீட்டார் இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால், 30 அடிக்குக் குறைந்த அகலமுள்ள மனைகளில் பொதுச்சுவர் எழுப்பவும், விட வேண்டிய இடத்தை நடுவில் முற்றமாக விடவும் அனுமதிக்கலாம் என்பது என் முதன்மையான கோரிக்கை.

2024 ஜூலையில் அரசு தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தை மனமாரப் பாராட்டுகிறேன். 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரைத்தளமும் முதல் மாடியுமோ கட்டுபவர்கள் இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தியதும் அனுமதி பெறலாம் என்றானது. ஒரு கையெழுத்துக்காகப் பலமுறை அலைந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். எனினும் அனுமதி வேகமாகக் கிடைத்தாலும், மனைக்குள் எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற கணக்கு மாறவில்லை. மனை அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் இருந்தால், முதலில் அதை வரன்முறைப்படுத்தியாக வேண்டும். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தபோது, மகள் திருமணத்துக்காக மனையை விற்க இருந்தவர்கள் பட்ட பாட்டை நான் கண்டேன். விளைநிலத்தைக் கூறு போட்டு விற்றவர்கள் பணத்தோடு போய்விட்டார்கள். கட்டணமும் அலைச்சலும் வாங்கியவர் தலையில் விழுந்தன.

எல்லா விதிகளையும் தளர்த்தச் சொல்லவில்லை. 2015 வெள்ளத்தைப் பார்த்த எவரும் ஏரியிலும் சதுப்பு நிலத்திலும் கட்டுவதற்கு இரக்கம் காட்டச் சொல்ல மாட்டார். 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் இடிந்து 61 உயிர்களைப் பறித்த அடுக்குமாடிக் கட்டடம் திட்ட அனுமதி பெற்றதுதான். அங்கே வேண்டியிருந்தது மண்ணின் தாங்குதிறனையும் தூண்களின் வலிமையையும் நேரில் பார்க்கும் கண்கள். சிறு வீட்டின் ஸ்டோர் ரூமில் அடுப்பு இருக்கிறதா என்று தேடும் உழைப்பை அந்தப் பக்கம் திருப்பினால் நகரம் பாதுகாப்பாகும்.

சென்னைப் பெருநகருக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கான (மாஸ்டர் பிளான்) பணிகள் நடக்கும் காலம் இது. மக்களிடம் கருத்துக் கேட்கும்போது பெரிய கட்டுமான நிறுவனங்கள் தயாராக வந்து பேசும். சிறு மனைக்காரர் அன்று வேலைக்குப் போயிருப்பார். அதனால் குடியிருப்போர் நலச் சங்கங்கள் இப்போதே எழுதித் தர வேண்டும். 15, 20, 25 அடி அகல மனைகளுக்கான மாதிரி வரைபடங்களை அரசே பொறியாளர்களைக் கொண்டு தயாரித்து இலவசமாக வெளியிடட்டும். அவற்றின்படி கட்டுபவருக்கு மூன்று போர்ஷன்கள் வரை உடனடி அனுமதி கிடைக்கட்டும். ரயில் நிலையத்துக்கோ மெட்ரோவுக்கோ நடந்து போகும் தூரத்தில் உள்ள சிறு வீடுகளுக்குக் கார் நிறுத்தும் இடம் கட்டாயமில்லை என்று ஆக்கட்டும்.