எக்ஸ்ரேயில் தெரியாத வீக்கம்

முழங்கால் தேய்மானத்தில் மூட்டுக்குள் இருக்கும் அழற்சியையும் ஸ்கேனில் பார்க்கலாம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிக்கும் பெண்களுக்கு இது கட்டாயம் போய்ச் சேர வேண்டிய செய்தி. என் பெரியம்மாவும் தோட்டத்தில் வேலை செய்தவர். மூட்டையைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கும்போதுதான் வலி உயிர் போகும் என்பார். எக்ஸ்ரே பார்த்துவிட்டு 'லேசான தேய்மானம்தான், வயசானா வரும்' என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் முட்டிச் சில்லுக்கு மேலே, தொடை தொடங்கும் இடத்தில் பொதபொதவென்று வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் மறுபக்கம் புடைக்கும்.

எக்ஸ்ரே எலும்பையும் நடுவே உள்ள இடைவெளியையும் காட்டும், அழற்சி வரும் மூட்டின் உள்சவ்வைக் காட்டாது. தேய்மானம் எவ்வளவு என்று தரம் பிரிக்க 1957இல் வந்த கெல்கிரன்-லாரன்ஸ் தரநிலையும் எக்ஸ்ரேயை வைத்துத்தான். அல்ட்ராசவுண்டில் சவ்வு தடித்திருப்பதும் நீர் கோத்திருப்பதும் தெரியும். அதிலேயே ரத்த ஓட்டத்தைக் காட்டும் பவர் டாப்ளர் முறையில் சவ்வுக்குள் ரத்த ஓட்டம் கூடியிருப்பதும் தெரியும், கதிர்வீச்சும் கிடையாது. எம்ஆர்ஐயில் நீரையும் சவ்வையும் தெளிவாகப் பிரித்துப் பார்க்க காடோலினியம் என்ற, படத்தைத் துலக்கிக் காட்டும் மருந்தை ஊசியாகப் போடுவார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எம்ஆர்ஐக்காக இங்கிருந்து பலர் கோவைக்கு இறங்குகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் முட்டியை மடக்கி உட்காருவதே பெரும்பாடு. கையடக்க அல்ட்ராசவுண்டை மலைக்கிராம முகாம்களுக்குக் கொண்டுவரலாமே!

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஸ்கேனில் அழற்சி தெரிந்தால் நீர் எடுப்பதா, ஸ்டீராய்டு ஊசியா, தசைப் பயிற்சி போதுமா என்பதை அடுத்த கட்டுரையில் விரிவாக எழுதுங்கள்.